நிலாவில் இருந்த முயல், லாக்கரில் இருக்கும் முயல்

போன எபிசோட் தென் பெண்ணையாறு, ஏரி, மதகுன்னு கொஞ்சம் கனமாப் போச்சு. இந்த முறை சின்ன விஷயம்தான், கைக்குள்ள அடங்குற அளவு. முயல் பொம்மை. இன்னும் சரியாச் சொன்னா, நகையிலயும் பையிலயும் சாவிக்கொத்துலயும் தொங்குற முயல்.

இது தோன்றிய இடம் ஒரகடம் சந்திப்பு. விடியற்காலை, முதல் ஷிஃப்ட் பஸ்கள் வரிசையாக நிற்கும் நேரம். நான் பெங்களூர் போகும் வண்டிக்காகக் காத்திருந்தேன். எனக்கு எதிரே முப்பது நாற்பது பெண்கள், எல்லாருக்கும் இருபது இருபத்திரண்டு வயசு இருக்கும். கழுத்தில் ஐடி கார்டு, காதில் ஒன்றும் இல்லை, கையில் வளையல் இல்லை. ஆனால் தோளில் மாட்டிய பைகளைப் பாருங்கள்: ஒன்றில் பஞ்சு முயல், ஒன்றில் சிலிக்கான் முயல், ஒன்றில் முயல் காது வைத்துப் பல்லைக் காட்டும் ஒரு குட்டிச்சாத்தான். எண்ண ஆரம்பித்தேன். பஸ் கிளம்புவதற்குள் பதினொன்று வரைக்கும் எண்ணினேன். யானை ஒன்றே ஒன்று. மயில் கிடையாது. கிளி கிடையாது.

அங்கதான் கேள்வி வந்தது. மயிலும் அன்னமும் யாளியும் நெய்த காஞ்சிபுரம் இங்கேயிருந்து ஒரு மணி நேரப் பயணம். நம்ம நகைப்பெட்டியில் விலங்குக்கும் பறவைக்கும் பஞ்சமே இல்லை. ஜடைநாகம் இருக்கு, நாகொத்து இருக்கு, மகரகண்டி இருக்கு, அன்னப்பட்சி டாலர் இருக்கு. தெற்கே போனால் பாம்படம். முயல் மட்டும் எங்கே? நம்ம ஊர் நகையில் இல்லாத ஒன்று நம்ம ஊர்ப் பெண்கள் பையில் மட்டும் எப்படி வந்தது?

முதல்ல ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கலாம். ஒரு கயிற்றில் சின்னச் சின்ன உருவங்களைக் கோத்துப் போடுவது மேல்நாட்டுக்காரர் கொண்டுவந்த ஃபேஷன்னு நினைச்சா அது தப்பு. நம்ம ஊரில் அதற்குக் குறைந்தது சங்க காலம் வரை வரலாறு உண்டு. பேர், ஐம்படைத் தாலி. திருமாலின் சங்கு, சக்கரம், கதை, வாள், வில் ஆகிய ஐந்து ஆயுதங்களையும் குட்டிக் குட்டியாகப் பொன்னில் செய்து குழந்தை கழுத்தில் கட்டுவார்கள். தாலி என்றால் அன்றைக்குக் கல்யாணமான பெண் அணிவது மட்டும் இல்லை. குழந்தைக்குக் கட்டும் காவலும் தாலிதான். புறநானூற்றின் 77-ஆவது பாட்டில் இடைக்குன்றூர் கிழார், தலையாலங்கானத்துப் போரில் வென்ற நெடுஞ்செழியனைப் பார்த்து அதிசயப்படுகிறார்: இந்தப் பையன் இன்னும் தாலியைக்கூடக் கழற்றவில்லையே, அதற்குள் போர்க்களத்தில் நிற்கிறானே என்று. அந்தத் தாலி இந்தத் தாலிதான். பெரியாழ்வார் கண்ணனுக்குப் பாடிய தாலாட்டில் குபேரனே ஐம்படையை அனுப்பிவைக்கிறான். ராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்லும்போது கொஞ்சம் கூடுதல் உரிமை வந்துவிடுகிறது, மன்னிச்சுக்கோங்க.

பொன் இல்லாதவர்களுக்குப் புலிப்பல். குறுந்தொகையில் ஒரு தாய் புலிப்பல் தாலி அணிந்த மகனை அணைத்துக்கொண்டிருக்கிறாள். சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரியில் எயினர் குலப் பெண்ணுக்கு அதைக் கட்டி அலங்கரிக்கிறார்கள். இன்றைக்குப் புலிப்பல்லோ நகமோ கழுத்தில் போட்டால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளே போக வேண்டியதுதான்.

இந்தப் பட்டியலில் ஒரு பொதுத்தன்மை இருக்கு, கவனிச்சீங்களா? ஆயுதம், பல், நகம், நாகம். எல்லாமே கடிக்கும், வெட்டும், குத்தும். என் சின்ன வயசில் எங்க ஆயா என் அரைஞாணில் வெள்ளியில் ஒரு குட்டி நாயைக் கோத்துவிட்டிருந்தாங்க. ராத்திரியில் குழந்தைக்குக் காவல் இருக்குமாம். பிள்ளையின் கையில் வசம்பு வளையல், இடுப்பில் தாயத்து. தமிழில் கையில் போடும் வளையத்துக்குப் பேரே காப்பு. போட்டுக்கொள்கிறவரைக் காப்பாற்றுவதுதான் அதன் வேலை. அழகு அதற்கு அப்புறம்தான்.

இந்தக் கணக்கில் முயலுக்கு என்ன வேலை? அதுவே ஓடி ஒளியும். திருக்குறள் 772-இல் வள்ளுவர் முயலை எய்து வீழ்த்திய அம்பைவிட யானைக்குக் குறி வைத்துத் தவறிய வேலே மேல் என்று சொல்லிவிடுகிறார். இலக்குகளிலேயே கடைசி இலக்கு முயல். அதைப் பிள்ளையின் கழுத்தில் யார் கட்டுவார்கள்?

ஆனா முயலை நம்ம ஆட்கள் சும்மா விட்டுவிடவில்லை. அதைத் தூக்கி நிலாவில் வைத்தார்கள்.

கலித்தொகையின் 144-ஆவது பாட்டில் காதலனைப் பிரிந்து மனம் பேதலித்த பெண் ஒருத்தி, நிலாவில் தெரியும் குட்டி முயலைப் பார்த்து, அவன் எங்கே இருக்கிறான் என்று வழி காட்டச் சொல்லி மன்றாடுகிறாள். மேலேயிருந்து பார்க்கிறாயே, உனக்குத் தெரியாதா என்கிற தொனி. கூகுள் மேப்ஸுக்கு முந்திய லொகேஷன் ஷேரிங் கோரிக்கை. (சிரிப்பு.) சமஸ்கிருதத்தில் முயலுக்கு சசம் என்று பெயர். முயலை உடையவன் சசி, முயலை அடையாளமாகக் கொண்டவன் சசாங்கன். இரண்டும் நிலாவின் பேர்கள். சசிகலா, சசிரேகா, சசிதரன், சசிகுமார்னு உங்க வகுப்பில் யாராவது இருந்திருப்பாங்க. அவங்க எல்லாரும் பிறந்ததிலிருந்து ஒரு முயலைப் பேரில் சுமந்துகொண்டிருக்கிறார்கள். நகையில் இல்லாத முயல் பேரில் இருக்கிறது. இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு எங்க ஆபீஸ் சசிகிட்டச் சொன்னேன். அவர் டிக்கெட்டை மூடிட்டு வாங்கன்னு சொல்லிட்டார்.

அகநானூறு 54-இல் ஒரு தாய் நிலாவைக் கூப்பிடுகிறாள்: பொன் தாலி போட்ட என் மகனைப் பார்க்க வந்தால் உனக்குப் பால் தருகிறேன் என்று. யோசித்துப் பாருங்கள். குழந்தை கழுத்தில் காவல் நகை, வானத்தில் நிலா. நிலாவுக்குள் முயல். எல்லாம் ஒரே காட்சியில் இருக்கிறது, ஆனால் முயல் மட்டும் நகைக்குள் இறங்கவில்லை. பரதநாட்டியத் தலைசாமானில் சூரியப்பிறை, சந்திரப்பிறை இரண்டும் இருக்கின்றன. கெம்புக்கல் சந்திரப்பிறைகள் நிறையப் பார்த்துவிட்டேன், ஒன்றிலும் முயல் கண்ணில் படவில்லை.

முயல் எப்படி நிலாவுக்குப் போனது என்பதற்கு நமக்குக் கிடைக்கும் கதைகளில் என்னை மிகவும் தொந்தரவு செய்தது பௌத்த ஜாதகக் கதை. ஒரு முயல், ஒரு குரங்கு, ஒரு நரி, ஒரு நீர்நாய், நாலும் நண்பர்கள். பௌர்ணமி நாளில் யார் வந்து கேட்டாலும் உணவு தர வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள். மற்ற மூன்றுக்கும் மீன், மாம்பழம் என்று ஏதோ கிடைத்துவிடுகிறது. முயலிடம் புல்லைத் தவிர ஒன்றும் இல்லை. பிச்சைக்காரர் வேடத்தில் தேவர்களின் தலைவன் சக்கன் வந்ததும், தீ மூட்டச் சொல்லி, தன்னையே தருகிறேன் என்று முயல் குதிக்கிறது. குதிப்பதற்கு முன்னால் உடம்பை மூன்று தடவை உதறுகிறது. ரோமத்துக்குள் இருக்கும் பூச்சிகள் வெந்துவிடக் கூடாதே என்று! தீ சுடவில்லை. சக்கன் ஒரு மலையைப் பிழிந்து அந்தச் சாற்றால் நிலாவில் முயலை வரைந்துவைக்கிறான். மணிமேகலை வந்து சேரும் காஞ்சி, யுவான் சுவாங் ஏழாம் நூற்றாண்டில் எழுதிவைத்த காஞ்சி, இந்தப் பௌத்தக் கதைகள் புழங்கிய ஊர். கொடுக்க ஒன்றுமில்லாதவள் உடம்பைக் கொடுப்பது என்கிற அந்த வரி, ஷிஃப்ட் பஸ்ஸைப் பார்த்தால் எனக்கு ஞாபகம் வருகிறது. வரக் கூடாதுதான், வருகிறது.

இந்த முயல் இந்தியாவுக்கு மட்டும் சொந்தமில்லை. சீனாவில் மாவாங்துய் என்ற இடத்தில் கிடைத்த பட்டுத்துணி ஓவியம் கி.மு. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் பிறை நிலாவோடு தேரையும் முயலும் இருக்கின்றன. மெக்சிகோவின் அஸ்டெக் மக்களிடம் தேவர்கள் நிலாவின் முகத்தில் முயலை எறிந்த கதை உண்டு. யார் யாரிடம் வாங்கினார்கள் என்று சண்டை போட வேண்டியதில்லை. நிலாவில் இருக்கும் கருத்த திட்டுகள் பழைய எரிமலைக் குழம்பு உறைந்த சமவெளிகள். அவை நீண்ட காதுள்ள ஏதோ ஒன்றைப் போல இருப்பது உண்மை. நம்ம ஊர் பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருப்பதால் நிலா கிழக்கே எழும்போது இருக்கும் கோணத்துக்கும் மேற்கே இறங்கும்போது இருக்கும் கோணத்துக்கும் பெரிய வித்தியாசம். கிட்டத்தட்டத் தலைகீழாகும். ராத்திரி ஷிஃப்ட் போகிறவர்கள் இரண்டையும் பார்க்கலாம். இன்னொரு தகவல்: 1969 ஜூலை 20 அன்று அப்பல்லோ 11 தரையிறங்கப் போகும் காலையில், ஹூஸ்டனிலிருந்து நிலாவில் இருக்கும் சீனப் பெண்ணையும் முயலையும் பார்த்துவையுங்கள் என்று வேடிக்கையாகச் சொன்னார்கள். அவர்கள் இறங்கிய அமைதிக் கடல், கிழக்காசியக் கணக்கில் அந்த முயலின் தலை.

நாம் செய்யாததைச் சீனர்கள் செய்தார்கள். முயலை நகையாக்கினார்கள். மேற்குச் சௌ அரசர்கள் காலத்துக் கல்லறைகளிலேயே, அதாவது இன்றைக்குச் சுமார் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, ஜேட் கல்லில் தட்டையாக வெட்டித் துளையிட்ட முயல்கள் கிடைத்திருக்கின்றன. துளை இருக்கிறது என்றால் கோத்துப் போட்டார்கள் என்று அர்த்தம். இன்றைய டாலர்தான். பெய்ஜிங்குக்கு வெளியே மிங் பேரரசர் வான்லியின் கல்லறையை 1950-களில் தோண்டியபோது ஒரு ஜோடித் தொங்கட்டான் கிடைத்தது. பொன் வளையம், அதில் தொங்கும் ஜேட் முயல், முன்னங்காலில் உலக்கை, மருந்து இடிக்கிறது. அதன் படத்தைத் தேடிப் பாருங்கள், நிஜமாகவே அழகு. சீன முயல் நிலாவில் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, சாகாமருந்து இடிக்கிறது. ஜப்பானுக்குப் போனதும் அரிசி மாவு இடிக்க ஆரம்பித்துவிட்டது. எங்கே போனாலும் அதற்கு வேலை கொடுத்துவிடுகிறார்கள்.

ஜப்பானில் 1870-களில் டோக்கியோவில் உயிருள்ள முயல்களையே வாங்கி விற்கும் பைத்தியம் பரவியது. அபூர்வ நிறமுள்ள முயலுக்கு விலை ஏறிக்கொண்டே போனது. 1873-இல் ஒரு முயலுக்கு மாதம் ஒரு யென் வரி போட்டார்கள், சந்தை சரிந்தது. கிரிப்டோ வாங்கின நண்பர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

நம்ம மண்ணுக்குத் திரும்பி வரேன், ஏன்னா ஒரு முக்கியமான முயலை இன்னும் சொல்லவில்லை. பாஞ்சாலங்குறிச்சி முயல். கட்டபொம்மனின் முன்னோர் சாலிகுளம் காட்டில் வேட்டைக்குப் போனபோது, வேட்டை நாய்கள் ஒரு முயலைத் துரத்தின. ஓர் இடம் வந்ததும் முயல் திரும்பி நின்றது. நின்றதோடு இல்லாமல் நாய்களைத் துரத்தியது. இந்த மண்ணுக்கு ஏதோ வீரம் இருக்கிறது என்று அங்கேயே கோட்டை கட்டி, பாட்டன் பாஞ்சாலன் பேரை வைத்தார்கள் என்பது கதை. விஜயநகரத்துக்கும் இதே கதை உண்டு, ஹரிஹரரும் புக்கரும் பார்த்த முயல். ஒரே கதை இரண்டு ஊரில் இருப்பதால் வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் ராஜ்யம் கட்டுகிறவர்களுக்கு ஏன் சிங்கம் போதவில்லை, ஏன் முயல் தேவைப்பட்டது? சிங்கம் நாயைத் துரத்தினால் அதில் செய்தி இல்லை. பயந்தாங்கொள்ளி திரும்பி நின்றால்தான் செய்தி. 1799 அக்டோபர் 16-இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். அந்தக் கோட்டையையும் பிற்பாடு தரைமட்டமாக்கினார்கள். முயல் கதை மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. இத்தனை இருந்தும் யாரும் பாஞ்சாலங்குறிச்சி முயலை ஒரு வெள்ளி டாலராக அடிக்கவில்லை. அடித்திருந்தால் நானே ஒன்று வாங்கியிருப்பேன்.

சரி, இப்போது பையில் தொங்கும் முயலுக்கு வருவோம். இதன் வம்சாவளி வேறு. 1903-இல் பியாட்ரிக்ஸ் பாட்டர் என்ற ஆங்கில எழுத்தாளர் தன் கதையில் வரும் பீட்டர் ராபிட் முயலைப் பொம்மையாகச் செய்து லண்டனில் பதிவு செய்தார். கதாபாத்திரத்தை விற்பனைப் பொருளாக்கும் தொழிலின் தொடக்கங்களில் அதுவும் ஒன்று. 1955-இல் நெதர்லாந்தில் டிக் புரூனா வரைந்த மிஃபி வந்தது. இரண்டு புள்ளிக் கண், பெருக்கல் குறி மாதிரி வாய், அவ்வளவுதான். பல்லும் இல்லை, நகமும் இல்லை. அதே நெதர்லாந்தில் வளர்ந்த, ஹாங்காங்கில் பிறந்த காசிங் லுங் 2015-இல் வரைந்ததுதான் லபுபு. பாப் மார்ட் கம்பெனி 2019 முதல் அதைப் பொம்மையாக்கி விற்கிறது. 2024-இல் பிளாக்பிங்க் லிசா பையில் மாட்டிக்கொண்டு படம் போட்டதும் உலகமே பைத்தியமானது. ஓரகடத்தில் நான் பார்த்த குட்டிச்சாத்தான் அதுதான், அல்லது அதன் நகல். முயல் காது, வாய் நிறைய ஊசிப் பல். ஐம்படைத் தாலிக்காரர்கள் பார்த்தால் இதை உடனே புரிந்துகொண்டிருப்பார்கள்னு நினைக்கிறேன். கடைசியில் முயலுக்கும் பல் முளைத்துவிட்டது.

என் சித்தி பொண்ணு அந்தக் காரிடாரில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் லைனில் வேலை பார்க்கிறாள். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. இந்த எபிசோடுக்காக அவளிடம் பேசினேன்.

"பாப்பா, ஏன் எல்லாரும் முயல் மாட்டறீங்க?"

"அண்ணா, முதல்ல அது முயல் இல்ல, லபுபு. ரெண்டாவது, வேற எதை மாட்டறது? தோடு போடக் கூடாது, செயின் போடக் கூடாது, கொலுசு போடக் கூடாது. எல்லாரும் ஒரே கோட்டு, ஒரே தொப்பி, ஒரே மாஸ்க். ஹாஸ்டல்ல நூறு பை ஒண்ணா கிடக்கும். முயலைப் பாத்துத்தான் இது என் பைனு எடுப்போம்."

இதற்கு மேல் நான் படித்த எந்தக் குறியீட்டு விளக்கமும் எனக்குத் தேவைப்படவில்லை. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த பெண்களுக்கான விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். அத்தனை பேரில் ஒருத்தியாக இருப்பது என்பதை நான் யோசித்துப் பார்த்ததில்லை.

உலோகம் கூடாது என்பதற்குப் பொறியியல் காரணம் உண்டு. நகை பட்டால் பாகங்கள் கீறும், மின்சுற்றில் ஷார்ட் ஆகலாம். உடம்பில் சேரும் நிலைமின்சாரம் நமக்கு உறைக்காத அளவில் இருந்தாலே ஒரு சிப்பைக் கொன்றுவிடும். அதனால் மணிக்கட்டில் ஒரு பட்டை மாட்டி, ஒயர் வழியாகத் தரையோடு இணைக்கிறார்கள். அந்த ஒயரில் ஒரு மெகா ஓம் ரெசிஸ்டர் இருக்கும், தவறி மின்சாரத்தில் கை பட்டால் ஆளுக்கு அடிக்காமல் இருக்க. அதாவது பட்டை ஃபோனைக் காக்கிறது, அதற்குள் இருக்கும் கடுகளவு ரெசிஸ்டர் பெண்ணைக் காக்கிறது. அதுவும் கையில் போடும் காப்புதான், யாருக்குக் காப்பு என்பதில் வரிசை மாறியிருக்கிறது.

ஆனால் விதி எங்கே முடிகிறது, சாக்கு எங்கே தொடங்குகிறது? 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் ஒரு புலனாய்வுச் செய்தி வெளியிட்டது. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஐஃபோன் ஆலையில் கல்யாணமான பெண்களை வேலைக்கு எடுப்பதைத் தவிர்க்கிறார்கள் என்றது அது. ஆள் எடுப்பவர்கள் சொன்ன காரணங்களில் தாலி, மெட்டி போன்ற நகைகளும் இருந்தன. மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. புதிதாக எடுத்தவர்களில் 25 சதவீதம் கல்யாணமான பெண்கள், உலோகத் தடை ஆண் பெண் எல்லாருக்கும் பொதுவான பாதுகாப்பு விதி என்று நிறுவனத் தரப்பில் பதில் வந்தது. பாதுகாப்பு விதி என்பதை ஒரு இன்ஜினியராக ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கழற்றி வைக்கக்கூடிய ஒரு பொருளைக் காரணம் காட்டி, ஆளையே வாசலில் நிறுத்தினால் அது விதி இல்லை.

என் சித்தி பொண்ணுக்குத் தை மாசம் கல்யாணம். அவளுக்கு உள்ள கவலையை நான் சொல்ல வேண்டியதில்லை. அவள் லைனில் கல்யாணமான அக்காக்கள் இருக்கிறார்கள். பொன் தாலியை வீட்டில் வைத்துவிட்டு, மஞ்சள் கயிறு மட்டும் போட்டு வருகிறார்களாம். "அந்தக் காலத்துல பொன்னுக்கு வழியில்லாதவங்க மஞ்சள் துண்டைத்தானே கட்டுனாங்க? எட்டு மணி நேரத்துக்கு மஞ்சள் துண்டு போதும்"னு சித்தி சொல்லிட்டாங்க. மெட்டிக்கு என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை.

கடைசியாக ஒன்று கேட்டேன், அந்த முயலாவது உள்ளே வருமா என்று. வராதாம். பை லாக்கரோடு நின்றுவிடும். தோடும் செயினும் ஒரு சின்ன டப்பாவில், டப்பா பைக்குள்ளே, பைக்கு மேலே முயல். கதவைச் சாத்திவிட்டு லைனுக்குப் போனால், ஷிஃப்ட் முடிந்து திரும்பும் வரைக்கும் அதுதான் காவல் இருக்குமாம். "எங்க ஆயா உனக்கு நாய் கட்டிவிட்டாங்கள்ல, அந்த மாதிரிண்ணா"ன்னு சொல்லிட்டு போனை வச்சுட்டா.